கிண்ணத்தின் அடியில் மஞ்சள்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் கஞ்சி கசந்தது.

லேசான கசப்புதான். வேறு யாராவது என்றால் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் வங்கியில் ஒன்பது வருடமாகக் கையெழுத்து ஒப்பிட்டுப் பார்க்கிறவள் நான். ஒரு சுழி கூடுதலாக வளைந்திருந்தாலும் கண்ணை உறுத்தும். பேறுகால விடுப்பில் வந்துவிட்டால் அந்தப் பழக்கம் போய்விடுமா?

அத்தையிடம் கேட்டேன். "ஓட்ஸ் பழசாயிருக்கும்மா" என்றார். பாக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். பிரித்து நான்கு நாள்தான் ஆகிறது.

மேனேஜருக்கு இன்றோடு மூன்று மாதம். பிறந்த அன்றே மகளுக்கு இவர் வைத்த பெயர் அது. கூப்பிட்ட குரலுக்கு ஆள் வரவில்லை என்றால் கட்டிடம் முழுக்க மெமோ போகும். இன்று காலையிலிருந்து மூன்று மெமோ. மாடி வீட்டுக்காரர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டார்.

ஏன் இப்படி அழுகிறாள்? நான் எல்லாவற்றையும் விட்டுவிட்டேனே.

மார்ச் 7, வெள்ளி

நிறுத்தியவை, வரிசைப்படி: பால், தயிர், முட்டை, மீன், கோழி, பருப்பு, வேர்க்கடலை, கோதுமை. கடைசியாக, சுகாதார நிலையத்தில் கொடுத்த சத்து மாத்திரை. அதை ஜனவரி கடைசியில் அட்டை அட்டையாகக் குப்பையில் போட்டேன். போட்ட மறுநாள் மேனேஜர் இரண்டு மணி நேரம் தொடர்ந்து தூங்கினாள். அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

மிச்சம் இருப்பவை: அரிசி, ஓட்ஸ், உருளைக்கிழங்கு, கேரட், பூசணி, ஆப்பிள். பால் விடாத காப்பி.

போனில் உள்ள தாய்மார் குழுவில் தலைவி இன்று எழுதியிருந்தார்: "குழந்தை அழுதால் குற்றவாளி உங்கள் தட்டில் இருக்கிறது. கண்டுபிடியுங்கள்." இருநூறு பேர் கைதட்டியிருந்தார்கள். நானும்தான். கண்டுபிடிப்பதுதானே என் தொழில்.

கர்ப்பத்தில் ஒன்பது மாதமும் வாந்தி. மீன், கறி வாடையே ஆகாது. ஆகவே விடுவது ஒன்றும் எனக்குப் பெரிய தியாகமில்லை.

மார்ச் 10, திங்கள்

சிறுநீர் பளீரென்று மஞ்சளாகப் போகிறது. தண்ணீர் நிறையத்தான் குடிக்கிறேன். இது எங்கிருந்து வருகிறது?

மார்ச் 13, வியாழன்

கிண்ணத்தின் அடியில் மஞ்சளாகக் கொஞ்சம் பொடி. விரலால் தேய்த்து நாக்கில் வைத்தேன். அதே கசப்பு.

கிண்ணத்தைக் கழுவாமல் சன்னலில் காய வைத்தேன். இவர் வேலை முடிந்து வந்ததும் காட்டினேன். லிஃப்ட் பழுதுபார்க்கிறவர், கையில் கிரீஸ் போகாமலேயே கிண்ணத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பூசணியா இருக்கும்."

"கஞ்சியில ஏது பூசணி?"

"அம்மாகிட்ட கேட்டியா?"

"கேட்டா சொல்லிடுவாங்களா?"

அவர் பெருமூச்சு விட்டார். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் லிஃப்ட் மாதிரி மேலயும் கீழயுமா போயிட்டு இருக்கேன்."

சிரிப்பு வரவில்லை.

மாமியாரைப் பற்றி ஒன்று எழுதியாக வேண்டும். முப்பது வருடம் கால்நடை ஆஸ்பத்திரியில் மருந்து கட்டிக் கொடுத்தவர். கலப்பது, பொடிப்பது, வாயைத் திறக்காத ஜீவனுக்கு மருந்தை உள்ளே தள்ளுவது — எல்லாம் அவருக்குக் கைவந்த கலை. என் அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. பிரசவத்துக்குப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லாததால்தான் அத்தை வந்தார். வந்த முதல் வாரமே என் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். நான் என்ன கன்றுக்குட்டியா?

மார்ச் 16, ஞாயிறு

வெள்ளி, சனி, இன்று — மூன்று நாளும் என் கஞ்சியை நானே வைத்தேன். "ஏம்மா, நான் வெச்சா ஆகாதா?" என்று கேட்டார். "சும்மா, நடமாட்டம் வேணும்ல அத்தை" என்றேன்.

கசப்பு இல்லை. அடியில் மஞ்சள் இல்லை. சிறுநீரும் வெளுத்துவிட்டது.

ஆக, நான் கற்பனை செய்யவில்லை.

மார்ச் 19, புதன்

கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். கோணல்மாணலாக எழுதுகிறேன்.

"இன்னிக்கு நீங்களே வைங்க அத்தை" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக் கதவைச் சத்தமாகச் சாத்தினேன். உள்ளே போகாமல் வெறுங்காலோடு திரும்பி வந்தேன். அத்தை மேடைப் பக்கம் திரும்பி நின்றிருந்தார். ஒரு கரண்டிக் குழியில் இன்னொரு கரண்டியின் முதுகை வைத்து அழுத்தித் திருகினார். நறுக்கென்று ஒரு சத்தம்.

"என்ன அத்தை அது?"

தூக்கிவாரிப் போட்டது அவருக்கு. ஆனால் மறைக்கவில்லை. "மாத்திரை. நீ தூக்கிப் போட்ட அதே சத்து மாத்திரைதான். குப்பையிலேர்ந்து எடுத்து வெச்சேன்."

"எத்தனை நாளா நடக்குது இது?"

"ஒன்றரை மாசமா. நீ கஞ்சி வெச்ச நாளைத் தவிர."

பக்கத்தில் பாட்டில் இருந்தது. பிடுங்கிப் பார்த்தேன். பழுப்புக் கண்ணாடி. லேபிள் பாதி கிழிந்திருந்தது. மீதிப் பாதியில் ஒரு மாட்டுத் தலை.

மாட்டு மருந்து!

"அது பழைய பாட்டிலும்மா. அட்டையிலேர்ந்து உரிச்சு இதுல போட்டேன். அங்க வேலை பாத்தப்ப வந்த பழக்கம்..."

"நான் என்ன உங்க ஆஸ்பத்திரிக்கு வர்ற நாயா? தெரியாம கலக்கிக் குடுக்க?"

"நாய் எவ்வளவோ தேவலை. ரொட்டிக்குள்ள வெச்சுக் குடுத்தா வாலை ஆட்டிட்டு முழுங்கும். நீ சொன்னா கேக்குறியா? உன் நாக்கைப் பாரு, செக்கச்செவேல்னு வழவழன்னு கெடக்கு. தாய் வத்திப் போனா மொதல்ல தலையைத் தொங்கப்போடுறது குட்டிதான். எத்தனை பாத்திருக்கேன்."

"என் பொண்ணு குட்டியில்ல! அவ அழுறதே நீங்க கலக்குற இதாலதான்!"

கத்திவிட்டேன். மேனேஜரும் கத்தினாள். அத்தை அடுப்பை அணைத்தார். கஞ்சியைத் தொட்டியில் கொட்டிவிட்டுக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

பாட்டிலை என் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். சாட்சி.

மார்ச் 20, வியாழன்

அத்தை காலை பஸ்ஸில் நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டார். மேனேஜரின் உள்ளங்காலை ஒரு முறை தொட்டார். என்னைப் பார்க்கவில்லை.

இவர் சாப்பிடாமல் வேலைக்குப் போனார்.

போகட்டும்.

மார்ச் 29, சனி

அழுகை குறைந்திருக்கிறது! சத்தியமாகக் குறைந்திருக்கிறது. முன்பெல்லாம் சாயங்காலம் மூன்று மணி நேரம். இப்போது ஒரு மணி நேரம்கூட இல்லை.

இவரிடம் சொன்னேன். "நல்லது" என்றார். அந்த ஒற்றைச் சொல்லை எப்படி எடுத்துக்கொள்வது? அம்மாவோடு தினமும் போனில் பேசுகிறார் என்று தெரியும். என்னைப் பார்த்ததும் வராந்தாவுக்குப் போய்விடுகிறார். என்ன பேசுகிறார்கள்?

ஏப்ரல் 9, புதன்

குழுவில் என் கதையை எழுதினேன். கிண்ணம், மஞ்சள், மாட்டுப் பாட்டில், எல்லாம். முந்நூற்றுப் பதினைந்து கைதட்டல். தலைவி எழுதினார்: "சந்தேகம்தான் தாயின் ஆயுதம்."

மூன்று தடவை படித்தேன்.

மேனேஜர் மதியம் நான்கு மணி நேரம் தூங்கினாள். நானாக எழுப்பிப் பால் கொடுத்தேன்.

ஏப்ரல் 17, வியாழன்

காலில் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது. மரத்துப் போய்த் திரும்புகிற மாதிரி. தரை துடைக்கிற மருந்தை மாற்றினோம், அதுவாக இருக்குமோ? செருப்பா? இரண்டையும் தூக்கிப் போட்டேன்.

படியேறினால் மூச்சு வாங்குகிறது. நேற்று அடுப்பில் பாலை — இவருக்கு வைத்த பாலை — மறந்துவிட்டுப் பொங்கவிட்டேன். இவர் ஒன்றும் சொல்லவில்லை என்பதற்கும் சேர்த்துச் சண்டை போட்டேன்.

ஏப்ரல் 26, சனி

"மேனேஜர் ஏன் இப்பல்லாம் சிரிக்கிறதில்ல?"

காலையில் முகம் மழித்துக்கொண்டே கேட்டார். ஏதோ மழை வருமா என்று கேட்பது போல.

"தூக்கக் கலக்கம்."

"ஒரு வாரமா தூக்கக் கலக்கமா?"

"உங்க அம்மா சொல்லிக் குடுத்தாங்களா இப்படிக் கேக்கச் சொல்லி?"

கத்தியைக் கீழே வைத்தார். பாதி முகம் நுரையோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். "நான் அவளோட அப்பா. எனக்குக் கண்ணு இருக்கு."

மே 3, சனி

யாருக்கும் தெரியாமல் நானே சோதித்தேன். கிலுகிலுப்பையை இடது காதுக்குப் பக்கத்தில் ஆட்டினேன். கண் திரும்பவில்லை. வலது பக்கம். இல்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பாடினேன். என்னைத் தாண்டிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன மாதம் என் மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுத்தாளே. பிடித்தாளா இல்லையா? பிடித்தாள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

கிலுகிலுப்பை பழுதா என்றுகூட யோசித்தேன். என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

மே 8, வியாழன்

சுகாதார நிலையத்தில் எடை பார்க்கும் நாள். போன மாத எடைதான். கூடவே இல்லை. தராசு சரியில்லை என்றேன். நர்ஸ் மறுபேச்சுப் பேசாமல் பக்கத்து அறைத் தராசில் வைத்தார். அதே எண்.

மேனேஜரின் இரண்டு கையையும் பிடித்து மெல்லத் தூக்கி உட்கார வைத்தார். தலை பின்னாலேயே தொங்கியது. துணி பொம்மை மாதிரி.

நர்ஸின் முகம் மாறியதைப் பார்த்தேன். ஒப்பிட்டுப் பார்க்கிற கண்ணல்லவா எனக்கு, அது தப்பவில்லை.

"இது எப்போலேர்ந்து?"

மேனேஜரை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டேன்.

மே 9, வெள்ளி

பெரிய ஆஸ்பத்திரி. குழந்தை டாக்டர் சின்ன வயதுப் பெண். குரல் உயரவே இல்லை. மேனேஜரின் கண் இமையைத் தள்ளிப் பார்த்தார். பிறகு என் இமையையும். பிறகு —

"நாக்கை நீட்டுங்க."

அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

என்னவெல்லாம் சாப்பிடுகிறேன் என்று கேட்டார். பையில் இந்த நோட்டு இருந்தது. நிறுத்தியவை எழுதிய பக்கத்தைத் திறந்து நீட்டினேன். படித்தார். பக்கத்தைத் திருப்பாமல் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாத்திரையும் நிறுத்திட்டீங்களா?"

"ஆமா."

"எல்லாத்தையுமா?"

இருவருக்கும் ரத்தம் எடுத்தார்கள். அவளுக்கு ஊசி குத்தியபோது அவள் அழவில்லை. முகத்தைச் சுளித்தாள், அவ்வளவுதான். அழுடி. அழு. மெமோ அனுப்பு. ஒரே ஒரு தடவை கத்தேன்டி.

மே 12, திங்கள்

பி பன்னிரண்டு. ஒரு வைட்டமின். எனக்கு மிகமிகக் குறைவு. அவளுக்கு அதைவிட.

டாக்டர் சொன்னதை நினைவிலிருந்து எழுதுகிறேன்: "இது பால், முட்டை, மீன், கறியிலதான் இருக்கு. காய்கறி, பழத்துல கிடையாது. அதெல்லாம் சாப்பிடாதவங்க மாத்திரையா எடுத்துக்கணும். கர்ப்பத்துலயே உங்களுக்குக் குறைவா இருந்திருக்கும். அதனால அவ பிறக்கும்போதே சேமிப்பு கம்மி. அப்புறம் உங்க பால்ல இருந்தாத்தானே அவளுக்குப் போகும்? மூளை வளர்ற வயசு."

"பால் குடுக்கறதை நிறுத்தணுமா?"

"வேண்டாம். நீங்க சாப்பிடுங்க."

அழுகை ஏன் குறைந்தது என்று கேட்டேன். டாக்டர் கொஞ்சம் தயங்கினார். "அந்த வயசு அழுகை மூணு நாலு மாசத்துல பொதுவா தானாவே குறைஞ்சிடும். ஆனா இவ அமைதியானது அதனால மட்டும் இல்ல. அழக்கூடத் தெம்பில்லாமப் போயிருக்கு."

அதைத்தான் நான் வெற்றி என்று எழுதினேன். முந்நூற்றுப் பதினைந்து கைதட்டல்.

பாட்டிலையும் எடுத்துப் போயிருந்தேன். டாக்டர் ஒரு மாத்திரையைக் கையில் கொட்டி, அதில் பொறித்திருந்த எழுத்தைப் பார்த்தார். "நாங்க பால் குடுக்கற அம்மாக்களுக்குக் குடுக்கற மாத்திரை. பாட்டில்தான் வேற."

"இதை... ஒன்றரை மாசம் கஞ்சியில கலந்து குடுத்தாங்க. நான் தடுத்துட்டேன்."

"கொஞ்சம் தாங்கிப் பிடிச்சிருக்கலாம். உறுதியா சொல்ல முடியாது." பிறகு, "யாரு குடுத்தாங்க?"

"மாமியார்" என்றேன். இவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எந்த மருந்துக் கடையில் காட்டியிருந்தாலும் ஒரு நிமிட வேலை அது. இரண்டு மாதமாகப் பூட்டி வைத்தேன். ஏன் காட்டவில்லை? அத்தை சொன்னது உண்மையாக இருந்துவிடுமோ என்றுதானா? ஆயிரம் கையெழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவள் இதை ஏன் பார்க்கவில்லை?

இருவருக்கும் முதல் ஊசி போட்டாயிற்று.

மே 13, செவ்வாய்

டாக்டரிடம் இன்று இன்னொன்றும் கேட்டேன். எரிச்சல், மறதி, எல்லோர் மேலும் சந்தேகம் — இதுவும் இந்தக் குறைவால் வருமா? வரலாம் என்றார்.

வெளியே வந்ததும் இவரிடம் சொன்னேன். வெகு நாளைக்குப் பிறகு இவர் வாயோரம் அசைந்தது. "அதுக்கு முன்னாடியும் நீ அப்படித்தான். கல்யாணப் பத்திரிகையில அச்சுப்பிழை தேடினவ."

அழுதுகொண்டே சிரித்தேன். ஆஸ்பத்திரி வாசலில் எல்லோரும் பார்த்தார்கள்.

மே 14, புதன்

ஊசி. மாற்றம் இல்லை. முட்டை சாப்பிட்டேன். தொண்டையில் இறங்கவில்லை, இறக்கினேன்.

மே 16, வெள்ளி

பார்த்தாள்.

காலை ஒன்பது மணி இருக்கும். பால் குடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு என் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். சுவரை அல்ல, என்னை. நான் தலையை இந்தப் பக்கம் சாய்த்தேன். கண்ணும் கூடவே வந்தது. அந்தப் பக்கம். வந்தது.

பயமாக இருந்தது. அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அதற்குள் பசி நினைவு வந்துவிட்டது போலிருக்கிறது, ஓங்கி ஒரு குரல் வைத்தாள். மாடி வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, மறுபடி ஆரம்பிச்சாச்சா?"

"ஆமாங்க" என்றேன். "ஆரம்பிச்சாச்சு!"

மே 18, ஞாயிறு

நாத்தனார் வீட்டுக்குப் போனோம். அத்தை மொட்டை மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். நான் மட்டும் மேலே போனேன். என்ன சொல்வதென்று வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்தது ஒன்றும் வரவில்லை.

"அத்தை, அது நம்ம மாத்திரைதான்."

"எனக்குத் தெரியும்மா" என்றார். ஒரு சட்டையை உதறிக் கொடியில் போட்டார். "பாப்பா எப்படி இருக்கா?"

சொன்னேன். ஊசி, எடை, கண். கேட்டுக்கொண்டே கிளிப் மாட்டினார். ஒரு கிளிப் கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

"மன்னிச்சிடுங்க."

வாளியிலிருந்து இன்னொரு துணியை எடுத்து உதறினார். பிறகு, "நானும் தப்புதான். பாப்பாவுக்கு ஆகாதுன்னு உனக்கு ஒரு பயம் இருந்துச்சு. உன்னைக் கூட்டிட்டு ஒரு டாக்டர்கிட்ட போயிருக்கணும். கரண்டியைத் தூக்கினேன்."

"ஆமா அத்தை. சொல்லாம கலந்தது தப்பு." சொல்லாமல் இருக்க முடியவில்லை எனக்கு.

"சொல்லியிருந்தா சாப்பிட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான்."

இருவரும் ஈரத் துணிக்கு நடுவே நின்றோம். எங்களோடு வருகிறேன் என்று அத்தை சொல்லவில்லை. கீழே வந்து மேனேஜரை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, நாங்கள் கிளம்பும்வரை இறக்கவே இல்லை.

மே 27, செவ்வாய்

எடை நானூறு கிராம் கூடியிருக்கிறது. தராசைச் சந்தேகிக்கவில்லை. (இரண்டாவது தராசைப் பார்த்தேன். சந்தேகித்து அல்ல, ஆசையில்.)

காலில் ஊசி குத்துவது குறைந்திருக்கிறது. குழுவிலிருந்து விலகும் முன் நடந்ததை முழுதாக எழுதிப் போட்டேன். மூன்றே பேர் கைதட்டினார்கள். தலைவி அதை நீக்கிவிட்டார். ஆனால் அதற்குள் ஒரு பெண் தனியாகக் கேட்டிருந்தாள்: "அக்கா, அது என்ன ரத்தப் பரிசோதனை? என் பையனும் ரொம்ப அமைதியா இருக்கான்." டாக்டரின் எண்ணை அனுப்பினேன். நாளைக்கே போ என்று எழுதினேன்.

ஜூன் 8, ஞாயிறு

அத்தை வந்துவிட்டார். ஒரு பை, ஒரு குடை. "ஒரு மாசம் இருப்பேன்" என்றார் எல்லோருக்கும் பொதுவாக.

சமையலறைப் பக்கம் போகவில்லை. நான் மீன் வறுத்தேன். பாதி கருகிவிட்டது. "நல்லாருக்கு" என்றார். பொய். விட்டுவிட்டேன்.

டாக்டர் சொன்னதையும் அவரிடம் மறைக்கவில்லை: தேறுகிறாள், ஆனால் முழுசாகத் தேறினாளா என்று ஒரு வருடம் பார்த்துத்தான் சொல்ல முடியும். அத்தை தலையை ஆட்டினார். "பாப்போம். ரெண்டு பேரா பாத்துக்கிட்டே இருப்போம்."

ஜூன் 24, செவ்வாய்

குளித்துக்கொண்டிருந்தேன். அத்தை போட்ட சத்தத்தில் சோப்பு நுரையோடு துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தேன்.

"கவுந்துட்டா! தானா கவுந்துட்டா! இப்பதான்!"

மேனேஜர் பாயில் மல்லாந்து கிடந்து கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் நடக்காத மாதிரி.

"மறுபடியும் திரும்பிட்டாம்மா. ஆனா கவுந்தா. தலையை இவ்வளவு தூக்கினா." அத்தை கையால் உயரம் காட்டினார். கண் கலங்கியிருந்தது.

உட்கார்ந்து காத்திருந்தோம். மறுபடி செய்யவில்லை. முடியிலிருந்து தண்ணீர் சொட்டிப் பாய் நனைந்ததுதான் மிச்சம்.

இவருக்குப் போன் செய்தேன். ஏதோ கட்டிடத்து லிஃப்டுக்குள் இருந்தார், குரல் எதிரொலித்தது. "நிஜமாவா? நீ பாத்தியா?"

"நான் பாக்கல. அத்தை பாத்தாங்க."

சுகாதார நிலையத்தில் கொடுத்த மேனேஜரின் வளர்ச்சி அட்டையில் 'தானாகக் கவிழ்ந்த நாள்' என்று ஒரு கட்டம் காலியாகவே இருந்தது. பேனாவை எடுத்து இன்றைய தேதியைப் போட்டேன்.